பித்தளை ஊக்கு ஒன்று

அத்தியாயம் 11

லாண்டரி ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு, மீதியைத் தூக்கத் தெம்பில்லாமல் அக்கா நின்றுகொண்டிருந்ததோடு போன வாரம் விட்டோம். இந்நேரம் தூக்கியாகிவிட்டது. வீட்டில் இடி விழுந்தாலும் ஊராரின் அழுக்குத் துணி காத்திருக்குமா என்ன? எட்டரை மணிக்குள் ஏழு பேர் மூட்டையை வைத்துவிட்டுச் சீட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். ஏழு பேரும் தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

அக்கா என்றால் தம்பிக்கு மட்டும் அக்கா இல்லை, அந்தத் தெருவுக்கே அக்கா. வயது நாற்பத்தெட்டு. பெற்றவர்கள் இருவரும் அடுத்தடுத்துப் போனபோது, இந்த லாண்டரியையும் பதினொரு வயதுத் தம்பியையும் சேர்த்து இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டவள். ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், "பண்ணிக்கிட்டேனே, இதோ இந்த வாஷிங் மெஷினை! சத்தம் போட்டாலும் சொன்ன வேலையைச் செய்யுது" என்பாள்.

அந்தத் தம்பிக்கு இப்போது முப்பத்துநாலு. கடையின் டெலிவரி வேனை ஓட்டுகிறவன். ஓட்டிக்கொண்டிருந்தவன் என்று சொல்ல வேண்டும். வியாழக்கிழமை போலீஸ் அந்த வேனை மறித்துச் சோதனை போட்டது. ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்துப் பெட்டியில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருந்தது. கவருக்குள் முப்பத்தெட்டு இளஞ்சிவப்பு மாத்திரைகள். அது என்ன மாத்திரை என்று தம்பிக்குத் தெரியாது, போலீஸுக்குத் தெரிந்திருந்தது. போதை மருந்து வைத்திருந்ததாக வழக்கு. இன்றோடு ஆறு நாளாக அவன் உள்ளே இருக்கிறான். இன்று மூன்று மணிக்குக் கோர்ட்டுக்குக் கொண்டுவருகிறார்கள்.

"கஸ்டமர் துணியில இருந்துது, திருப்பிக் கொடுக்கப் போனேன்." அவன் போலீஸிடம் சொன்னது இவ்வளவுதான். அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை.

அதற்கு மேல் என்ன இருக்கிறது என்பது அக்காவுக்குத் தெரியும். ஆறு நாளாக அதை மென்று விழுங்கிக்கொண்டு இருக்கிறாள்.

துணிப் பையில் கிடைப்பதைப் பற்றி அந்தக் கடையில் ஒரு சட்டம் உண்டு. சட்டம் போட்டவள் அக்காதான். பல் செட்டு கிடைத்திருக்கிறது, மோதிரம் கிடைத்திருக்கிறது, மனைவிக்கு எழுதாத காதல் கடிதம் கிடைத்திருக்கிறது. எது கிடைத்தாலும் கேள்வி கேட்காமல் ஒரு கவரில் போட வேண்டும். ஒரு சிறிய துணிப்பட்டையில் சலவை மையால் ஒரே நம்பரை இரண்டு முறை எழுதி, பட்டையைப் பாதியாக வெட்டி, ஒரு பாதியைத் துணியிலும் மறுபாதியைக் கவரிலும் ஊக்கால் குத்த வேண்டும். பிறகு சொந்தக்காரர் கையில் நேராகக் கொடுத்துவிட வேண்டும். "எங்க கடையில கறைதான் வெளிய போகும், ரகசியம் வெளிய போகாது" என்று பெருமையடித்துக்கொள்வாள்.

போன புதன்கிழமை பன்னிரண்டு மாடி ஆபீஸ் கட்டடம் ஒன்றிலிருந்து மொத்தமாக வந்த துணிகளில் ஒரு நீலக் கோட்டு இருந்தது. நம்பர் நானூற்றுப் பதினேழு. அதன் உள்பையில்தான் அந்த மாத்திரைகள் இருந்தன. அக்கா பார்த்தாள். ஐயோ பாவம், யாரோ நோயாளி, மருந்து இல்லாமல் தவிப்பாரே என்று நினைத்தாள். கோட்டு தயாராக இன்னும் ஒரு நாள் ஆகும். வியாழக்கிழமை காலையில் கவரை மட்டும் தம்பி கையில் கொடுத்து, "அந்தக் கட்டடத்துக்குத்தானே போற, முதல்ல இதைக் கொடுத்துட்டு மத்த வேலையைப் பாரு" என்று அனுப்பினாள்.

நல்ல மனசு செய்த வேலையைப் பார்த்தீர்களா!

இதைவிடப் பெரிய கூத்து அன்று சாயங்காலம் நடந்தது. தம்பியைப் பிடித்துவிட்டார்கள் என்று போன் வந்தபோது அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கண் முன்னால் அந்தக் கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. உள்பையின் துணியில் இளஞ்சிவப்பாக ஒரு கறை. ஏதோ ஒரு மாத்திரை உடைந்து தூளாகி ஒட்டியிருந்தது. படபடப்பு வந்தால் சிலர் அழுவார்கள், சிலர் தண்ணீர் குடிப்பார்கள். அக்கா கறை எடுப்பாள். அடியில் வெள்ளைத் துணியைக் கொடுத்து, கறை எடுக்கும் மருந்து தொட்டு, ஓரத்திலிருந்து நடுவுக்கு பிரஷால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். முப்பது வருஷத்துக் கை. அரை மணி நேரத்தில் கறை இருந்த இடம் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் சீருடை போட்ட டிரைவர் ஒருவர் சீட்டை நீட்டிக் கோட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார். யாருடைய கோட்டு என்று அவர் சொல்லவில்லை. கேட்கும் வழக்கம் அந்தக் கடையில் இல்லை.

தம்பியைக் காப்பாற்றியிருக்கக் கூடிய ஒரே அழுக்கை அவளே தேய்த்துப் போக்கிவிட்டாள் என்பது சனிக்கிழமைதான் அவளுக்கு உறைத்தது. அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

* * *

ஒன்பதரை மணிக்குத் தம்பி மனைவி வந்தாள். ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் வேலை பார்ப்பவள், ஆறு நாளாக லீவு. கூடவே ஒருவர் வந்தார். வெளியில் நீளமான கார் நின்றது.

"அண்ணி, இவர் பெரிய வக்கீல். நம்ம கேஸை எடுத்துக்கறேன்னு அவரே தேடி வந்திருக்கார்." அழுது அழுது தடித்துப்போன அவள் முகத்தில் ஆறு நாளில் முதல் முறையாகக் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது.

அக்கா ஆளைச் சட்டையில் எடை போடுகிறவள். வெள்ளைச் சட்டை, உயர்ந்த துணி. காலர் மட்டும் கச்சிதம், முதுகில் இஸ்திரிப் பெட்டி ஓடவில்லை. கோட்டு போட்டால் முதுகு தெரியாது என்று தெரிந்த ஆள் என்று நினைத்துக்கொண்டாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டு டீ வரவழைத்தாள்.

"ஃபீஸைப் பத்தி நீங்க யோசிக்கவே வேணாம்மா" என்றார் பெரிய வக்கீல். "உங்க நல்லதை நினைக்கிறவர் ஒருத்தர் பார்த்துக்கறேன்னு சொல்லிட்டார்."

"யாரு சார் அது?"

"பேரு வெளிய தெரிய வேணாம்னு பிரியப்படறார். நல்ல மனுஷன், விடுங்க." டீயை அவர் தொடவே இல்லை. "இப்ப நான் சொல்றதைக் கவனமாக் கேளுங்க. இப்படியே விட்டா, விக்கறதுக்கு வெச்சிருந்தான்னு கேஸ் நிக்கும். பத்து வருஷம். சொந்த உபயோகத்துக்குத்தான் வெச்சிருந்தேன்னு இன்னிக்கே ஒத்துக்கிட்டா, சில மாசத்துல வெளிய வந்துடலாம்."

"சொந்த உபயோகமா? சார், அவன் ரெண்டாவது காப்பி குடிச்சாலே ராத்திரி பூரா தூக்கம் வரலைன்னு புலம்பற ஆளு."

"அண்ணி!" தம்பி மனைவி அவள் கையைப் பிடித்தாள். "பத்து வருஷம்னு சொல்றார். காதுல விழலையா?"

விழுந்தது. நன்றாகவே விழுந்தது.

பெரிய வக்கீல் கடையைச் சுற்றிப் பார்த்தார். கம்பியில் வரிசையாகத் தொங்கும் துணிகள், ஆவி விடும் இஸ்திரி மேஜை, ஓரத்தில் உறுமும் மெஷின். பார்த்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்.

"அந்த வாரத்துத் துணி எதுவும் துவைக்காம கிடக்கா? சட்டை, கோட்டு கீட்டு?"

தான் செய்த தப்பு வெளியே வரப்போகிறது என்றுதான் அப்போது அக்கா பயந்தாள். "இல்ல சார். எல்லாம் துவைச்சாச்சு."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"என் கையால துவைச்சேன் சார்."

"நல்லது" என்றார். ஆறிப்போயிருந்த டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார். "உங்க தம்பியை நான் பார்த்துப் பேசிக்கறேன். கோர்ட்டுல கொடுத்த அந்த இலவச வக்கீல் பொண்ணை விட்டுடுங்க. அவங்க கையில இருநூறு கேஸ். உங்க தம்பி பேர்கூட ஞாபகம் இருக்காது."

தம்பி மனைவி அவரோடேயே காரில் ஏறிக்கொண்டாள். போகும்போது, "கடையைப் பூட்டிட்டு மூணு மணிக்குள்ள வந்துடுங்க அண்ணி" என்றாள். கெஞ்சலாக இல்லை, உத்தரவு போல இருந்தது.

* * *

வக்கீல் வைத்துக்கொள்ள வழியில்லாதவர்களுக்கு அரசாங்கமே கொடுக்கிற வக்கீல், கோர்ட்டு வராந்தாவின் கோடியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அதுதான் அவருடைய ஆபீஸ். முப்பத்தைந்து வயது இருக்கும். மடியில் கட்டுக் கட்டாகக் காகிதங்கள், ஒரு கையில் பாதி தின்ற பன். கருப்புக் கோட்டின் கைமுனை நைந்து நூல் தொங்கியது. இந்தக் கோட்டைக் கொடுத்தால் அரை நாளில் சரி பண்ணிவிடலாமே என்று அந்த நிலைமையிலும் அக்காவுக்குத் தோன்றியது.

விட்டுவிடுங்கள் என்று பெரிய வக்கீல் சொன்ன பிறகு அக்கா ஏன் இங்கே வந்தாள்? "பேப்பர் கைக்கு வந்துடுச்சு, ரெண்டு மணிக்கு வாங்க" என்று இந்த வக்கீலம்மா முந்தின நாளே சொல்லி அனுப்பியிருந்தார். வேறு வக்கீல் வைத்தாயிற்று என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போவதுதான் மரியாதை என்று நினைத்தாள். வாங்கிய வேலையைச் சொல்லாமல் கைவிடுவது அவள் தொழிலில் கிடையாது.

சொல்ல விட்டால்தானே?

"வாங்கம்மா, உக்காருங்க. இதைப் பாருங்க" என்று ஒரு காகிதத்தை நீட்டினார் வக்கீலம்மா. "வேன்ல என்னென்ன எடுத்தோம்னு போலீஸ் எழுதின லிஸ்ட். கவர் ஒண்ணு. மாத்திரை முப்பத்தெட்டு. மூணாவது என்ன எழுதியிருக்கு பாருங்க."

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். 'பித்தளை ஊக்கு ஒன்று.'

"ரெண்டு நாளா இந்த ஊக்கு என் மண்டையைக் குடையுது. மாத்திரை விக்கறவன் கவர்ல எதுக்கும்மா ஊக்கு குத்தி வைக்கப் போறான்? அதுவும் பித்தளையில?"

அக்காவின் கைப்பை வாரில் எப்போதும் ஒரு கொத்து ஊக்கு மாட்டியிருக்கும். ஒன்றைக் கழற்றி அந்தக் காகிதத்தின் மேல் வைத்தாள்.

"எங்க கடை ஊக்கு. இரும்பா இருந்தா துருப்பிடிச்சு துணியில கறை விழும். அதனால பித்தளைதான் வாங்குவோம். நம்பர் எழுதின துணிப்பட்டையை ரெண்டா வெட்டி, ஒரு பாதியைத் துணியிலயும் மறுபாதியைக் கவர்லயும் இதாலதான் குத்துவோம்."

"அப்ப இந்த ஊக்குலயும் ஒரு பட்டை இருந்திருக்கணும்."

"இருந்துது. நானூத்திப் பதினேழு."

"லிஸ்ட்ல பட்டை இல்ல." வக்கீலம்மாவின் குரல் தணிந்தது. "கவர் நடுவுல யாரு கையிலயோ போயிருக்கு. நம்பர் இருந்த பட்டையை எடுத்துட்டாங்க. ஊக்கைப் பெரிசா நினைக்கல. எழுதினவர் கண்ணுல பட்டதை அப்படியே எழுதிட்டார், அவருக்குப் புண்ணியமாப் போகட்டும்." சட்டென்று நிமிர்ந்தார். "பட்டையோட மறுபாதி? அது எந்தத் துணியில இருந்துது? அந்தத் துணி எங்க?"

"ஒரு நீலக் கோட்டு. உள்பையில மாத்திரைத் தூள்கூட ஒட்டியிருந்துது. துவைச்சாச்சு. வெள்ளிக்கிழமையே டெலிவரியும் ஆயிடுச்சு."

"துவைச்சாச்சா?"

"நான்தான்…"

வக்கீலம்மா கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கையிலிருந்த பன்னைக் காகிதத்தில் சுற்றிப் பெஞ்சின் ஓரத்தில் வைத்தார். அதற்கப்புறம் அதைத் தொடவே இல்லை.

அக்கா அந்தப் பன்னையே பார்த்தாள். காலையிலும் இதே வார்த்தையைத்தான் சொன்னாள். துவைச்சாச்சு. அதைக் கேட்டுவிட்டு ஒருவர் 'நல்லது' என்று சொல்லி, ஆறின டீயை ஒரே மடக்கில் குடித்தார். தம்பிக்கு வக்கீலாக வந்தவர் தம்பிக்கான சாட்சி அழிந்துபோனதற்கு ஏன் சந்தோஷப்பட வேண்டும்? சட்டை என்றார், கோட்டு கீட்டு என்றார். கோட்டு என்று அவரிடம் யார் சொன்னது? அவளையும் தம்பியையும் அந்தக் கோட்டுக்காரன் தரப்பையும் தவிர, காலையில் அப்படி ஒரு கோட்டு இருந்ததே யாருக்கும் தெரியாது.

நல்லதை நினைக்கிற அந்த மனுஷன் யாரென்று அவளுக்கு விளங்கிவிட்டது. பெயர் தெரியாது. நம்பர் தெரியும்.

"மேடம்" என்றாள். "அந்தக் கவரை அவன் கையில…"

"நிறுத்துங்க!" வக்கீலம்மா கையை உயர்த்தினார். பக்கத்து பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "இதுக்கு மேல சொல்லாதீங்க. நல்லாப் புரிஞ்சுக்குங்கம்மா. நான் உங்க தம்பிக்கு வக்கீல். உங்களுக்கு இல்ல."

"ரெண்டும் ஒண்ணுதானே மேடம்? ஒரே குடும்பம்."

"குடும்பம் ஒண்ணு. கேஸ் ஒண்ணு இல்ல. நீங்க சொல்லப் போறது உங்களையே உள்ள தள்ளலாம். அதைக் கேட்டுட்டா, அவரைக் காப்பாத்த அதை நான் உபயோகிச்சே ஆகணும். அதான் என் வேலை. ரெண்டு பேருக்கும் நானே நிக்க முடியாது. உங்களுக்குன்னு தனியா ஒரு வக்கீல் வேணும். அவர்கிட்ட முதல்ல பேசுங்க, அப்புறம் என்கிட்ட வாங்க."

"மணி ரெண்டே முக்கால். நான் எங்க போய்த் தேடுவேன்?"

"அதனாலதான் இன்னிக்கு எதையும் முடிக்க விடக் கூடாது. தள்ளி வைக்கச் சொல்லி நான் கேக்கறேன். ஆனா உங்க தம்பி நான் வேணும்னு சொன்னாத்தான் நான் எழுந்து நிக்க முடியும்."

அக்கா ஓடினாள். நாற்பத்தெட்டு வயதில், கோர்ட்டு வராந்தாவில், கைப்பை ஒரு பக்கம் ஆட, ஊக்குகள் குலுங்க, மூச்சு இரைக்க ஓடினாள்.

* * *

கைதிகளை உட்கார வைக்கும் அறைக்குக் கம்பி வலை போட்ட ஒரு ஜன்னல்தான். தம்பி அதற்குப் பின்னால் நின்றான். ஆறு நாள் தாடி. பிடிபட்டபோது போட்டிருந்த அதே சட்டை. அவன் சட்டை இப்படிக் கசங்கி அவள் பார்த்ததே இல்லை. பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து ஒரு மடிப்பு கலையாமல் அனுப்பியவள், வலைக்குள் விரலை விட்டு அவன் காலரை நீவப் பார்த்தாள். விரல் எட்டவில்லை.

பக்கத்தில் தம்பி மனைவி இருந்தாள். பெரிய வக்கீல் அப்போதுதான் ஒரு காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கோர்ட்டுக்குள் போனார்.

"வக்காலத்துல கையெழுத்துப் போட்டுட்டேன்க்கா" என்றான் தம்பி. "இனி சார் பார்த்துப்பார்."

"ஏன்டா போட்டே? அவர் நம்ம ஆள் இல்லடா. அந்தக் கோட்டுக்காரன் அனுப்பின ஆளு."

அவன் அதிர்ச்சி அடையவில்லை. அதுதான் அக்காவை உலுக்கியது.

"இருந்துட்டுப் போகட்டும்" என்றான். "உன் பேரு வராதுன்னு சொல்லியிருக்கார். எனக்கு அது போதும்."

"என் பேரா? நீ சொன்னியா அவர்கிட்ட?"

"நான் யார்கிட்டயும் மூச்சு விடல. அவரே சொன்னார். 'கவரைக் கொடுத்தனுப்பினது யாருன்னு போலீஸ் தோண்டப் பார்க்குது. உங்க அக்கா மாட்டுவாங்க. நீங்க ஒத்துக்கிட்டா தோண்டறதை நிறுத்திடுவாங்க'ன்னார். விடுக்கா. சில மாசம்தானே. நீ எனக்காக இருபத்துமூணு வருஷம்…"

"வாயை மூடுடா!" அக்காவுக்கு அழுகை பொங்கி வந்தது. "இதுக்காடா உன்னை வளர்த்தேன்?"

"அண்ணி." தம்பி மனைவியின் குரல் கேட்டுத் திரும்பினாள். அவள் முகத்தில் காலையில் இருந்த வெளிச்சம் சுத்தமாக இல்லை. "உங்க பேரு எதுக்கு வரணும்?"

உள்ளே ஒரு போலீஸ்காரர் தம்பியின் தோளைத் தொட்டு, நேரமாச்சு என்றார்.

"கேக்கறேன் இல்ல? உங்க பேரு எதுக்கு அண்ணி வரணும்?"

"அந்தக் கவரை நான்தான் கண்டெடுத்தேன். நான்தான் அவன்கிட்ட கொடுத்தனுப்பினேன்" என்றாள் அக்கா.

தம்பி மனைவி கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கிக்கொண்டிருக்கலாம். "ஆறு நாளா என் பக்கத்துலயே உக்காந்து அழுதீங்களே" என்றாள் மெதுவாக. "ஒரு நாளாவது சொல்லத் தோணலையா? உங்க பேரு வெளிய வராம இருக்க என் புருஷன் உள்ள இருக்கணுமா?"

பதிலுக்கு நிற்காமல் கோர்ட்டுக்குள் போய்விட்டாள். அக்கா பின்னாலேயே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்ததும் எழுந்துகொண்டாள். இரண்டு வரிசை தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.

* * *

மேலே மின்விசிறி சத்தத்தோடு சுற்றியது. ஜன்னல்கள் எல்லாம் உயரத்தில் இருந்தன. வக்கீலம்மா பின்வரிசையில் காகிதக் கட்டோடு உட்கார்ந்து அக்காவைப் பார்த்தார். 'இல்லை' என்று அக்கா தலையசைத்தாள். வக்கீலம்மா உதட்டைக் கடித்துக்கொண்டார்.

தம்பியின் வழக்கைக் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறி நின்றான். பெரிய வக்கீல் இப்போது கோட்டு போட்டிருந்தார். அவர் முதுகு யாருக்கும் தெரியவில்லை.

"என் கட்சிக்காரர் இந்த நீதிமன்றத்தின் நேரத்தை வீணாக்க விரும்பவில்லை. மாத்திரைகளைச் சொந்த உபயோகத்துக்காக வைத்திருந்ததை ஒத்துக்கொள்கிறார். கருணை காட்டும்படிக் கேட்டுக்கொள்கிறேன்."

நீதிபதி கண்ணாடிக்கு மேலாகக் கூண்டைப் பார்த்தார். வயதானவர், சளி பிடித்த குரல். "அப்படித்தானாப்பா? யாரும் மிரட்டலையே? யோசிச்சுச் சொல்லு. ஒத்துக்கிட்டா ஒத்துக்கிட்டதுதான்."

தம்பி ஒரு தடவை அக்காவைத் திரும்பிப் பார்த்தான். பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்ட முதல் நாள், நான் அழ மாட்டேன் நீ போ என்று சொல்லிவிட்டு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு ஒரு பார்வை பார்த்தானே, அதே பார்வை. பிறகு நீதிபதி பக்கம் திரும்பி வாயைத் திறந்தான்.

அவன் சொல்லி முடித்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். கோட்டும் இருக்காது, நம்பரும் இருக்காது, அந்த ஊக்கைப் பற்றி இனி யாரும் கேட்க மாட்டார்கள். வாழ்நாள் முழுக்க அவன் போதை மாத்திரைக்காரன். அக்காவின் கால்கள் தானாக எழுந்து நின்றன.

"ஐயா, அது பொய்! அந்தக் கவரை அவன் கையில கொடுத்தனுப்பினது நான்!"

கோர்ட்டு முழுவதும் திரும்பியது. வாசலில் நின்ற பெண் போலீஸ் இரண்டே எட்டில் வந்து அக்காவின் முழங்கையைப் பிடித்தார். "அக்கா, உக்காரு!" என்று கூண்டிலிருந்து தம்பி அலறினான். வக்கீலம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அமைதி!" நீதிபதி மேஜையைத் தட்டினார். கொஞ்ச நேரம் அக்காவையே பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. "நீங்க யாரும்மா?"

"அவனுக்கு அக்கா. என் கடையிலதான் ஐயா அந்தக் கோட்டு…"

"போதும். நிறுத்துங்க. நீங்க சொன்னது எவ்வளவு பெரிய விஷயம்னு உங்களுக்குத் தெரியலை. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். இனி இந்த அறையில ஒரு வார்த்தைகூட நீங்க பேசக் கூடாது. எதுவா இருந்தாலும் உங்க வக்கீல் பேசட்டும்." பேனாவைக் கையில் எடுத்தார். "இந்த அம்மாவுக்கு யார் வக்கீல்?"

பின்வரிசையில் வக்கீலம்மா பாதி எழுந்தார். எழுந்தவர் தன் மடியிலிருந்த தம்பியின் காகிதங்களைப் பார்த்தார், கூண்டில் நின்ற தம்பியைப் பார்த்தார், பிறகு மெல்ல உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்ததில் தப்பில்லை என்பது அக்காவுக்கும் தெரியும். அரை மணி நேரத்துக்கு முன்னால் அவரே சொன்னதுதான்.

"யாரும் இல்லையா?" என்று நீதிபதி மறுபடியும் கேட்டார்.

"இருக்கேன், ஐயா."

பெரிய வக்கீல் எழுந்து நின்று, கோட்டை இழுத்து விட்டுக்கொண்டு, அக்காவைப் பார்த்து ஆதரவாகச் சிரித்தார்.

"பாவம், பதற்றத்துல ஏதோ பேசிட்டாங்க. ஒரே குடும்பம்தானே? இந்த அம்மாவுக்கும் நானே ஆஜராகிறேன்."

நீதிபதியின் பேனா காகிதத்தைத் தொட்டது. வேண்டாம் என்று சொல்ல அக்காவுக்கு நெஞ்சு வெடித்தது. ஆனால் பேசக் கூடாது என்று சொல்லி ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, முழங்கையில் பெண் போலீஸின் பிடி இறுகியிருந்தது. அவளுக்காக இந்த அறையில் வாயைத் திறக்கக் கூடியவள் இன்னும் ஒருத்திதான். அக்கா இரண்டு வரிசை தள்ளித் திரும்பிப் பார்த்தாள்.

தம்பி மனைவி தலையைக் குனிந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.